அம்மா வழியில் யாரும் இல்லை

எனக்குக் கோபம் வந்தால் லாரி ஹாரனை அழுத்துவேன். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை கிளினிக்கில் ஹாரன் இல்லாததால் கவுண்டரைத் தட்டினேன்.

“மூணாவது தடவையா வர்றேன் காக். என் பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு கார்டு. அத எழுதிக் குடுக்க இத்தன நாளா?”

மலாயில்தான் கத்தினேன். காக் நோர்மாவுக்குத் தமிழில் ‘சாப்பிட்டாச்சா’ மட்டும்தான் தெரியும். எங்கள் தோட்டத்து முனையில் இருக்கும் சின்ன அரசாங்க கிளினிக்கில் இருபது வருடமாக மிசி அவர். நர்ஸை நாங்கள் மிசி என்றுதான் சொல்வோம். எனக்கு அவர் காக், மலாயில் அக்கா. அவருக்கு நான் அபாங், அண்ணன். என் குரலைக் கேட்டு, வரிசையில் உட்கார்ந்திருந்த வங்காளதேசத்துத் தொழிலாளிகள் இரண்டு பேர் தள்ளி உட்கார்ந்தார்கள். காது மந்தமானவனுக்குத் தன் குரல் எவ்வளவு பெரிது என்று தெரியாதாம். காது நன்றாக இருந்தபோதும் இவருக்குத் தெரியாது என்பாள் மாதவி, என் வீட்டுக்காரி.

பிள்ளைகள் இரண்டும் என் பின்னால் நின்றன. தேவனுக்கு இருபது, ரோகினிக்குப் பதினேழு. இந்த ஆள் யாரோ எவரோ என்பது போல இரண்டும் போனையே பார்த்துக்கொண்டிருந்தன.

கார்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலையை லாரியில் ஏற்றும்போது மட்டை முள் ஒன்று என் கெண்டைக்காலில் இறங்கி ஒடிந்துவிட்டது. நான் லாரி ஓட்டுகிறவன், குலை ஏற்றுவது என் வேலை இல்லை. ஆள் பற்றாத நாளில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு இரண்டு நாள் வண்டி ஓட்டினேன். மூன்றாம் நாள் கால் வீங்கி, காய்ச்சல் நாற்பதைத் தாண்டி, ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஏழு நாள் ஊசி. காலைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம் காதுக்குள் சில்வண்டு கத்த ஆரம்பித்தது. மாதம் முடிவதற்குள் வலது காது சுத்தமாகப் போய்விட்டது. இடது காதில் கொஞ்சம் மிச்சம். அதில் மெஷின் மாட்டினால் ஆள் பேசுவது கேட்கும். கழற்றினால் என் லாரி இஞ்சின்கூட எனக்கு ஊமைதான்.

ஊசி போட்டவர்களைத் திட்டித் தீர்த்தேன். ஆனால் அவர்களுக்கும் தெரிந்திருக்க வழியில்லை. என் ரத்தத்தைக் கோலாலம்பூருக்கு அனுப்பிப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் அங்கே ஓர் அறையில் உட்காரவைத்து, ஓர் ஆலோசகர் அம்மா எனக்குப் புரிகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

உடம்பில் இருக்கும் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று சின்னச் சின்ன ஆலைகள் உண்டாம். சாப்பிட்டதைச் சக்தியாக மாற்றுவது அதன் வேலை. அந்த ஆலை தனக்கு வேண்டிய புரதத்தைச் செய்துகொள்ளத் தனக்குள்ளேயே ஒரு பட்டறை வைத்திருக்கிறது. அந்தப் பட்டறையைக் கட்டுகிற மரபணு ஒன்றுக்கு எம்.டி-ஆர்.என்.ஆர்.1 என்று பெயர். அதில் 1555 என்று நம்பர் போட்ட இடத்தில் எனக்கு ஓர் எழுத்து மாறிப்போயிருக்கிறது. ஒரே ஓர் எழுத்து. அதனால் என் பட்டறை பார்ப்பதற்குக் கிருமியின் பட்டறை மாதிரியே ஆகிவிட்டதாம். கிருமியின் பட்டறையை உடைக்கப் போட்ட ஊசி மருந்து, ஆள் தெரியாமல் என் காதுக்குள் இருந்ததையும் சேர்த்து உடைத்துவிட்டது. அந்த வகை ஊசி படாமல் இருந்திருந்தால் ஆயுசுக்கும் எனக்கு ஒன்றும் ஆகாமலே இருந்திருக்கலாம். அதனால் இனிமேல் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ‘இந்த ஊசி போடாதே’ என்று காட்ட ஒரு கார்டு கொடுத்தார்கள். 1555 லாரி நம்பர் மாதிரி மனதில் ஒட்டிக்கொண்டது. என்னோடு லாரி ஓட்டும் புனிதன் அந்த வாரமே போய் அதை நாலு நம்பர் லாட்டரியில் எழுதினான். விழவில்லை. அதற்கும் என்னைத்தான் திட்டினான்.

ஆலோசகர் அம்மா ஒரு தாளில் படம் போட்டார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். என் சதுரத்தைக் கறுப்பாக்கினார். மேலே அம்மாவுக்கு ஒரு வட்டம்.

“அம்மாவுக்குக் காது கேக்குமா?”

“இல்ல. செவிடு. செத்துப் பதினாறு வருஷமாச்சு.”

“எப்பலேருந்து கேக்காமப் போச்சு?”

“அழுது அழுது போயிருச்சு,” என்றேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம்.

“அந்தச் சமயத்தில ஏதாச்சும் ஊசி போட்டாங்களா?”

டிபி நோய்க்கு, தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் தினமும் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஊசி போட்டது ஞாபகம் வந்தது. சொன்னேன். ஆலோசகர் பேனாவை எடுத்து என் அம்மாவின் வட்டத்தையும் கறுப்பாக்கினார். நான் தாளிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“அக்கா, தங்கச்சி? அம்மா வழியில வேற யாராச்சும் இருக்காங்களா?”

“யாரும் இல்ல.”

“அப்பன்னா உங்களோட முடிஞ்சது. இது அம்மாகிட்டேருந்து பிள்ளைக்குத்தான் வரும். அப்பாகிட்டேருந்து வராது. உங்க பிள்ளைங்களுக்குப் பயமில்ல.”

இதை நான் நம்பவே இல்லை. என் மூக்கு தேவனுக்கு வந்திருக்கிறது. என் கோபம் ரோகினிக்கு அப்படியே வந்திருக்கிறது. இது மட்டும் வராதாம். அப்பன் ரத்தம் பிள்ளைக்கு வராமல் பக்கத்து வீட்டுக்காரனுக்கா போகும்? வீட்டுக்கு வந்ததும் பங்காளிகள் அத்தனை பேருக்கும் வாட்ஸ்அப் போட்டேன். ரஹாங்கில் இருக்கும் பெரியப்பா மகன் சந்திரன் அண்ணன், அவருடைய மூன்று பிள்ளைகள், சித்தப்பா பிள்ளைகள் என்று பதினோரு பேர். எல்லாரும் கார்டு வாங்குங்கள், ஊசி போட்டால் காது போய்விடும் என்று எழுதினேன். சந்திரன் அண்ணன் அவர் பக்கத்துக் கிளினிக்கில் போய்க் கேட்டாராம். சிரித்து அனுப்பிவிட்டார்கள் என்று என்னிடம் கோபித்துக்கொண்டார். மூன்று வாரமாக எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் இருந்து பாதியில் எழுந்து போனேன். லாரியை எடுத்தால் ஆலைக்குப் போகும் சாலை முழுக்க ஹாரன்தான்.

இப்படித்தான் மூன்றாவது தடவையாகப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்திருந்தேன்.

காக் நோர்மா வரிசையில் இருந்தவர்களை எல்லாம் பார்த்து அனுப்பிவிட்டு, எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கோலாலம்பூர் கடிதத்தை அன்றுதான் முழுதாகப் படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார்.

“அபாங், நான் எந்த ஊரு தெரியுமா? கோலா பிலா. எங்க ஆளுங்களுக்குக் குலம் அம்மா வழி. சுக்குன்னு சொல்வோம். நான் என் அம்மாவோட சுக்கு. என் பிள்ளைங்க என் சுக்கு. என் தம்பியும் எங்க அம்மா சுக்குதான். ஆனா அவன் பிள்ளைங்க? அதுங்க அவன் பொண்டாட்டியோட சுக்கு. எங்க சுக்கு தம்பியோட நின்னுபோச்சு. இந்த வியாதியும் அதே மாதிரிதான். நீ அந்தத் தம்பி. உன்கிட்ட வந்து நின்னுபோச்சு. இந்தப் பிள்ளைங்களுக்கு எதுக்குக் கார்டு?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கோலாலம்பூரில் படம் போட்டுச் சொன்னபோது ஏறாதது, இந்தப் பொம்பளை தன் தம்பியை வைத்துச் சொன்னதும் ஏறிவிட்டது. ஒரு நிமிடம் மனது லேசாகக்கூட ஆனது. அடுத்த நிமிடம் அவர் கேட்டார்.

“இது அடுத்த தலைமுறைக்குப் போகணும்னா பொம்பள வழியாத்தான் போகும். உனக்கு அக்கா தங்கச்சி இருக்கா?”

“இல்ல,” என்று வாய் தானாகச் சொன்னது.

ரோகினி போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“ப்பா! என்னாப்பா இல்லங்கறீங்க? வள்ளியம்மா அத்தை இருக்காங்கல்ல!”

காக் நோர்மாவுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் முகம் படிக்கத் தெரியும். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருக்கிறாள். எனக்கு நான்கு வயது மூத்தவள். பள்ளிக்கூடத்துக்கு எனக்குத் தலை சீவி, முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பவுடர் போட்டு அனுப்பியவள். இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் மந்தினைச் சேர்ந்த ஜார்ஜ் என்ற ஒயரிங் வேலைக்காரரோடு போய்க் கோயிலில் இல்லாமல் தேவாலயத்தில் கல்யாணம் பண்ணிக்கொண்டு ஆக்னஸ் ஆகிவிட்டாள். அவள் போன மாதத்தில்தான் அம்மா ரத்தமாக இருமினாள். டிபி என்றார்கள். டிரஸ்ஸர் வந்து ஊசி போட்டார். மூன்றாவது மாதம் அம்மாவுக்குக் காது கேட்கவில்லை. மகள் போன துக்கத்தில் செல்லம்மா அழுது அழுது செவிடாகிவிட்டாள் என்று தோட்டம் முழுக்கப் பேசிக்கொண்டது. அதை எல்லாரையும்விடப் பெரிய குரலில் சொன்னவன் நான்.

அம்மா செத்த அன்று அக்கா வந்தாள். கூடவே ஜார்ஜ், ஒன்பது வயது மகள் நட்டாலி. நான் வாசலில் நின்று மறித்தேன். “நீ ஓடிப்போனதாலதான் அம்மா செவிடாச்சு. வாய்க்கரிசி போட நீ யாரு?” என்று ஊரே கேட்கக் கத்தினேன். அவள் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. சவத்தேர் கிளம்பும்வரை கால்வாய் ஓரமாகவே நின்றிருந்தாள். அன்றிலிருந்து யார் கேட்டாலும் எனக்கு அக்கா இல்லை.

அந்தக் கறுப்பு வட்டத்தைப் பார்த்து நான் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டேன் என்று இப்போது தெரிந்திருக்கும். அம்மாவின் காது போனது அழுகையால் இல்லை. ஊசியால். மூன்று வாரமாக எனக்கு இது தெரியும். என் வீட்டிலிருந்து மந்தின் இருபத்தைந்து நிமிடம். அங்கே போகாமல் இருப்பதற்காகத்தான் பதினோரு பங்காளிகளை விரட்டிக்கொண்டு திரிந்தேன். எவ்வளவு அழகான ஆள் நான்!

“ப்பா,” என்றாள் ரோகினி மறுபடியும். இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது. “நான் சொன்னேன்னு அம்மாகிட்ட சொல்லாதீங்க. நட்டாலி அக்காவுக்கு ஞாயித்துக்கெழம பாப்பா பொறந்துச்சு. சிரம்பான் டவுன்ல, பிரைவேட் ஆஸ்பத்திரியில. பாப்பாவுக்குக் காய்ச்சலாம். வார்டுல வச்சு ஊசி போடுறாங்களாம்.”

நான் அதை மலாயில் காக் நோர்மாவுக்குச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

“பிறந்த குழந்தைக்குக் காய்ச்சல்னா வழக்கமா ரெண்டு மருந்து சேத்துக் குடுப்பாங்க. அதில ஒண்ணு உனக்குப் போட்ட அதே மருந்து,” என்றார். கடிதத்தை மடித்து என் சட்டைப் பையில் அவரே திணித்தார். “ஏன் இன்னும் உக்காந்திருக்க? போ!”

காரில், எங்கள் பேச்சில் காடியில், ஏறியதும் ரோகினி மாதவிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். என் வீட்டுக்காரி இத்தனை வருடமாக எனக்குத் தெரியாமல் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரியாதவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. தேவனும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“வள்ளியம்மா எந்த வார்டுல இருக்கு? சொல்லு, சீக்கிரம்!”

“எந்த வள்ளியம்மா? உங்களுக்குத்தான் அக்காவே இல்லையே! பதினாறு வருஷமா இல்லாத அக்காவ இன்னிக்கு எந்தக் கடையில வாங்குனீங்க?”

“அடியே, பாப்பாவுக்கு அந்த ஊசியப் போட்டா காது போயிரும்டி!”

அப்புறம் மாதவியின் குரல் வேறு மாதிரி வந்தது. “மூணாவது மாடி. குழந்தைங்க வார்டு. நான் அண்ணிக்கு அடிச்சுப் பாக்கறேன். நீங்க பாத்துப் போங்க. ஆனா போங்க, வேகமாப் போங்க லா!”

மாதவி அடித்தாள், ரோகினி அடித்தாள், தேவனும் அடித்தான். அக்கா எடுக்கவில்லை. வார்டில் போனை அமர்த்திவைத்திருப்பாள். ஆஸ்பத்திரி நம்பரில் ஒரு பெண் குரல் ‘ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து’ என்றுகொண்டே இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மந்தின் கடைத்தெருவைத் தாண்டும்போது அக்கா வீட்டுக்குத் திரும்பும் சந்து இடது பக்கம் வந்தது. வாரத்தில் ஆறு நாள் அந்தச் சந்து முனையைத் தாண்டிக் குலை லாரி ஓட்டுகிறேன். ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். மணி பதினொன்றே முக்கால். மலை இறங்கிச் சிரம்பானுக்குள் நுழைந்தால், தெமியாங்கில் ரோட்டைத் தோண்டிப் போட்டு ஒரே ஜாம். முன்னால் ஒரு சிமெண்டு லாரி அசையாமல் நின்றது. நான் ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. லாரிக்காரன் இறங்கி வந்து என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். பாதிதான் கேட்டது. “ப்பா, நிறுத்துங்கப்பா, ப்ளீஸ்,” என்று ரோகினி அழ ஆரம்பித்தாள். கடைசியில் காடியைத் தேவனிடம் விட்டுவிட்டு, நானும் ரோகினியும் இறங்கி ஓடினோம். முள் குத்திய கால் இன்னும் இழுக்கும். ஐம்பது வயதில் நொண்டிக்கொண்டு ஓடுகிறவனை டவுனே வேடிக்கை பார்த்தது. பார்த்துவிட்டுப் போகட்டும்.

மூன்றாவது மாடியில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் ஃபிளாஸ்கை வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க வெள்ளை. கழுத்தில் சின்னச் சிலுவை. என்னைப் பார்த்ததும் எழுந்தாள். எழுந்து நின்றது அம்மா நிற்கிற மாதிரியே இருந்தது.

“யாரு செத்தா?” என்று கேட்டாள்.

பதினாறு வருடம் கழித்து அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. வேறு எதற்கு நான் வருவேன்?

“யாரும் சாகலக்கா. பாப்பாவுக்கு ஊசி போட்டாச்சா?”

“உனக்கு எதுக்கு அது? இங்க வந்தும் சண்டையா? நட்டாலி உள்ள இருக்கா, பச்ச உடம்பு. போயிருடா புவனா.”

மூச்சு வாங்கியதில் எனக்குப் பேச்சு வரவில்லை. ரோகினிதான் என் பையிலிருந்து கடிதத்தை உருவிக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தட்டினாள். பாதுகாவலர் தடுத்தார். என் பெண்ணுக்கு என் கோபம் வந்திருக்கிறது என்று சொன்னேன் இல்லையா, அது அன்றைக்கு உதவியது. சத்தம் கேட்டுக் குழந்தை டாக்டர் வெளியே வந்தார். சீனப் பெண், சின்ன வயது. மலாயில் என்ன என்று கேட்டார். நான் கார்டை நீட்டினேன்.

“நட்டாலி குழந்தையோட பாட்டி என் அக்கா. எனக்கு இது இருக்கு. எங்க அம்மாவுக்கும் இருந்துச்சு.”

கார்டைப் படித்ததும் டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பன்னிரண்டு நாற்பது.

“நேத்து ஒரு ஊசி போட்டாச்சு. அடுத்தது ஒரு மணிக்கு,” என்றவர் பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனார். கண்ணாடி வழியாக அவர் ஒரு மிசியிடம் பேசுவதும், தட்டில் தயாராக இருந்த ஊசியை அந்த மிசி எடுத்து அப்பால் வைப்பதும் தெரிந்தது.

திரும்பி வந்தபோது டாக்டர் கையில் ரோகினி கொடுத்த கடிதம் இருந்தது. அதன் இரண்டாம் பக்கத்தில்தான் சதுரமும் வட்டமும் போட்ட அந்தப் படம்.

“சந்தேகம்னாலே நிறுத்திருவேன், நிறுத்திட்டேன். வேற மருந்து குடுக்கலாம். ஆனா குழந்தையோட ரெக்கார்டில எழுதணும், எனக்கு நிச்சயமாத் தெரியணும். இதில உங்களுக்குச் சகோதரி கிடையாதுன்னு போட்டிருக்கே?”

அக்கா அந்தத் தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். படம் புரிய அவளுக்குப் படிப்பு வேண்டியிருக்கவில்லை. மேலே ஒரு கறுப்பு வட்டம், கீழே தன்னந்தனியாக ஒரு கறுப்புச் சதுரம். பக்கத்தில் வெறும் தாள்.

“நான் பொய் சொன்னேன்,” என்றேன்.

அக்கா கைப்பையிலிருந்து ஐசியை, அடையாள அட்டையை, எடுத்துக் கொடுத்தாள். நானும் என்னுடையதைக் கொடுத்தேன். இரண்டிலும் எங்கள் அப்பா நல்லசாமியின் பெயர் இருந்தது. டாக்டர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“அப்பா ஒண்ணு. சரி. இதுக்கு அப்பா பேர் உதவாது. அம்மா?”

“செல்லம்மா,” என்றோம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

டாக்டர் எழுதிக்கொண்டார். அக்காவிடம், உங்களுக்கு எப்போதாவது அந்த மாதிரி ஊசி போட்டார்களா, காது நன்றாகக் கேட்கிறதா என்று விசாரித்தார். அவள் ஊசி போட்டதில்லை, கேட்கிறது என்றாள். அப்புறம், ரொம்ப மெதுவாக, மலாயில் ஒரு கேள்வி கேட்டாள்.

“டாக்டர், எங்க அம்மாவுக்கு டிபி வந்து டிரஸ்ஸர் ரெண்டு மாசம் ஊசி போட்டாரு. அதுக்கப்புறம்தான் காது கேக்காமப் போச்சு. அது எதனால?”

“அதனாலதான். அதுவும் இதே வகை மருந்து. இந்தக் குறை இருக்கறவங்களுக்கு அதுவே போதும்.”

“அழுததால இல்லையா?”

டாக்டருக்குக் கேள்வி புரியவில்லை. “அழுதா காது போகாது ஆன்ட்டி,” என்றார்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஃபிளாஸ்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதன் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று வாசலில் அவள் ஏன் பதில் பேசவில்லை என்று எனக்கு அந்த நிமிடம்தான் விளங்கியது. அவளும் அதை நம்பியிருக்கிறாள். நான் சொன்னதை அப்படியே நம்பி, அம்மாவைச் செவிடாக்கியவள் தான்தான் என்று இத்தனை வருடம் சுமந்திருக்கிறாள்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். இருக்க முடியவில்லை.

“அக்கா, எனக்கு மூணு வாரமாவே தெரியும்,” என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. “ஒரு ஊசி நேத்துத்தான் போட்டாங்க,” என்றாள், யாரிடமோ சொல்வது போல.

மூன்று மணிக்குக் காது பரிசோதிக்கும் மெஷினோடு ஆள் வருவார் என்றார்கள். அதுவரை காத்திருந்தோம். நான் ஒரு கோடியில், அக்கா ஒரு கோடியில். ரோகினி அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்து தோளில் சாய்ந்துகொண்டாள். தேவன் காடியை எங்கோ நிறுத்திவிட்டு வந்து எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கி வந்தான். சாப்பாடு வாங்கப் போயிருந்த ஜார்ஜ் பொட்டலத்தோடு வந்தார். என்னைப் பார்த்து நின்றார். அப்புறம் பொட்டலத்தில் ஒன்றை எடுத்து என் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, அக்காவிடம் போய்விட்டார். நான் திட்டாத நாள் இல்லை இந்த மனிதரை. பொட்டலத்தைத் தொட எனக்கு வெட்கமாக இருந்தது.

என்னால் உட்காரவும் முடியவில்லை. லிஃப்ட்வரை போவேன், வருவேன். ஒரு ஊசி. ஒரே ஒரு ஊசியிலும் போகலாம் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லியிருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை, பாப்பா பிறந்த அன்று, நான் வீட்டில் உட்கார்ந்து சந்திரன் அண்ணனோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் மந்தினுக்கு ஒரு எட்டு போயிருந்தால் அந்த ஒரு ஊசியும் இல்லை. தங்கம் மாதிரிக் குழந்தை. கண்ணாடி வழியாகத் தூரத்தில் தெரிந்தாள். நட்டாலி மடியில், தலையில் மஞ்சள் குல்லா. பெண் குழந்தை. நாளைக்கு அவள் பெறுகிற பிள்ளைகளுக்கும் இது போகும்.

மூன்று பத்துக்கு மெஷின் வந்தது. குழந்தையின் காதில் சின்னத் தக்கை மாதிரி ஒன்றை வைத்தார்கள். அக்கா கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது, ஜெபமாக இருக்கும். எனக்குத் தெரிந்த சாமி எல்லாவற்றையும் நானும் கூப்பிட்டேன். ஒரு காது. குழந்தையைத் திருப்பி இன்னொரு காது. பரிசோதித்தவர் தலையை ஆட்டினார். நட்டாலி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அது எந்த அழுகை என்று வெளியிலிருந்து தெரியவில்லை.

டாக்டர் வெளியே வந்தார். “ரெண்டு காதும் பாஸ். இப்போதைக்கு நல்லா இருக்கு. ஆனா சில சமயம் தாமதமாத் தெரியும். மூணு மாசத்துக்கு ஒரு தடவ கொண்டாந்து பாக்கணும். ரெண்டாவது ஊசி போடாம நிறுத்துனது ரொம்ப நல்லது.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்புக்கு நான் தகுதியானவன் இல்லை என்று அவருக்குத் தெரியாது.

அக்கா என் பக்கம் திரும்பினாள். நடந்து வந்தாள். என் கையைப் பிடிப்பாள் என்று நினைத்தேன், உண்மையைச் சொன்னால்.

பளார் என்று இடது கன்னத்தில் ஒன்று விட்டாள்.

மெஷின் காதிலிருந்து தெறித்துத் தரையில் எங்கோ ஓடியது. உலகம் அப்படியே ஊமையாகிவிட்டது. அக்கா பேச ஆரம்பித்தாள். வாய் நிற்கவே இல்லை. தன் நெஞ்சில் அடித்துக்கொண்டாள், என்னை நோக்கிக் கையை நீட்டினாள், மேலே காட்டினாள், கண்ணீர் வடிய வடியப் பேசினாள். பதினாறு வருடத்துப் பேச்சு, இல்லை, இருபத்தேழு வருடத்துப் பேச்சு. ஜார்ஜ் அவள் தோளைத் தொட்டார், அவள் உதறிவிட்டாள். பாதுகாவலர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். எனக்கு ஒரு சொல் கேட்கவில்லை. உதட்டில் ‘அம்மா’ மட்டும் இரண்டு மூன்று தடவை தெரிந்தது. கேட்கவில்லை அக்கா என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தலையைக் குனிந்து நின்றேன்.

ரோகினிதான் நாற்காலிக்கு அடியில் தவழ்ந்து மெஷினைத் தேடி எடுத்தாள். அத்தையின் முழங்கையைப் பிடித்து, என் காதைக் காட்டி ஏதோ சொன்னாள்.

அக்கா நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். மெஷினை ரோகினி கையிலிருந்து வாங்கிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். என் முகவாயைப் பிடித்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது திருப்புவாளே, அதே மாதிரி ஒரு பக்கமாகத் திருப்பி, அதைக் காதில் வைத்து அழுத்தினாள். கீச்சென்று ஒரு சத்தம். அப்புறம் அவள் மூச்சு கேட்டது.

“கேக்குதாடா?”

“கேக்குதுக்கா.”

“சரி. மொதல்லேருந்து சொல்றேன். நின்னு கேளு.”